ஆறுதல் உணவு, யாருக்கு?

இறாலும் கிறிட்ஸும் என்ற அமெரிக்கத் தென்னக உணவைப் பற்றி ஆங்கிலச் சமையற் பக்கங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல எழுதி வருகின்றன. வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் மாலையில், இருபதே நிமிடத்தில், மனதுக்கு ஆறுதல் தரும் தென்னக இரவுணவு. படத்தில் ஒரு வெண்ணிறக் கிண்ணம், மேலே பச்சை வெங்காயத்தாள், பக்கத்தில் அழகாகக் கசங்கிய துணி. இப்போது இதே பாணி நமது சமையற் பக்கங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 'சதர்ன்' என்பது 'தெற்கத்திய' ஆகின்றது, 'கம்ஃபர்ட்' என்பது 'ஆறுதல்' ஆகின்றது. வேறொன்றும் மாறுவதில்லை.

இந்த உணவை வெறுப்பவன் அல்லன் நான். வட கரோலைனாவில் வசிக்கும் என் தம்பி வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவையாவது சமைத்து உண்டிருக்கின்றேன். சுவையில் குறை சொல்ல எதுவுமில்லை. என் சண்டை அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டோடுதான். இருபது நிமிடம் என்பது பொய். தென்னகம் என்பது பாதி உண்மை, பாதி மறைப்பு. ஆறுதல் என்பதோ, யாருடைய ஆறுதல் என்று எவரும் கேட்காதவரைக்கும் மட்டுமே நின்றுபிடிக்கக்கூடிய சொல்.

கிறிட்ஸ் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த சோளத்தைக் குருணலாக உடைத்து, நீரிலோ பாலிலோ நெடுநேரம் காய்ச்சி எடுப்பது அது. (சோளம் என்று நான் எழுதுவது இலங்கைத் தமிழரின் சோளம், தமிழ்நாட்டு வாசகர்கள் மக்காச்சோளம் என்று படித்துக்கொள்ளட்டும்.) கூழுக்கும் களிக்கும் இடைப்பட்ட பதம். தனியே உண்டால் பெரிதாகச் சுவை எதுவுமில்லை. சோற்றைப் போல, மேலே ஊற்றுவதை ஏந்திக்கொள்வதே அதன் தொழில். பெயர் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தானியமும் அதனைச் சமைக்கும் அறிவும் அமெரிக்கப் பூர்வகுடிகளுடையவை.

அந்த அறிவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பூர்வகுடிகள் சோளத்தை விறகுச் சாம்பல் கரைத்த நீரில் அவித்து, தோலை நீக்கி, கழுவிப் பிறகே உண்டார்கள். ஹொமினி என்பது அப்படிச் செய்யப்பட்ட சோளம். பார்ப்பதற்கு ஏதோ பழைய சம்பிரதாயம் போலத் தோன்றும். ஆனால் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்து அந்தக் காரநீரில்தான் விடுபடுகின்றது. குடியேறிய ஐரோப்பியர் தானியத்தை எடுத்துக்கொண்டார்கள். சாம்பலைக் காலப்போக்கில் கைவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய ஆலைகள், மா நெடுநாள் கெடாமலிருக்க, சோளத்தின் முளைக்கருவையும் நீக்கத் தொடங்கின. விளைவு பெலாக்ரா. தோல் வெடித்து உரியும், வயிற்றோட்டம் நிற்காது, புத்தி பேதலிக்கும், பின்னர் சாவு. தென் மாநிலங்களில் குத்தகை விவசாயிகளும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் கறுப்பர் வெள்ளையர் பேதமின்றி இதனால் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். 1914 ஆம் ஆண்டு அரசாங்கத்தின் பொதுச் சுகாதார சேவை அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பேர்கர், இது தொற்றுநோய் அன்று, ஏழ்மையின் சாப்பாட்டினால் வருவது என்றார். அடுத்த ஆண்டு மிசிசிப்பியின் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை வாக்களிக்கப்பட்ட கைதிகளுக்குச் சோளத்தையே பிரதானமாகக் கொண்ட உணவைக் கொடுத்து நோயை வரவழைத்தும் காட்டினார். (கைதிகளை அவ்விதம் பயன்படுத்தியது தனியாக விசாரிக்கப்பட வேண்டிய விடயம்.) தென்னகத்து அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் பிரதேசத்தை வறுமைப் பிரதேசம் என்று ஒருவர் சொல்வதா என்பது அவர்கள் கோபம். குணப்படுத்தும் சத்து நியாசின் என்பது 1937 இல்தான் உறுதியாயிற்று.

பொருளை எடுத்துக்கொண்டு அதனோடு இருந்த அறிவையும் அறிந்தவரையும் விட்டுவிட்டு வருவது என்பது இந்த உணவின் வரலாற்றில் ஒரு தடவை நடந்து முடிந்த காரியம் அன்று. அது திரும்பத் திரும்ப நடக்கின்றது. இருபது நிமிடச் செய்முறையும் அதன் தொடர்ச்சியே.

இறாலுக்கு வருவோம். தென் கரோலைனா, ஜோர்ஜியா கரையோரம் முழுவதும் உவர்ச் சதுப்பும் கழிகளும் தீவுகளும் நிறைந்த தாழ்நிலம். அங்கே நெல் விளைவித்துப் பெரும் செல்வம் சேர்த்தார்கள் தோட்ட முதலாளிகள். விளைவித்தவர்கள் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். நெற்பயிர்ச் செய்கை தெரிந்தவர்கள் என்பதற்காகவே சில பகுதிகளின் மக்களை அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். நல்லரிசி கப்பலேறியது. விளைவித்தவனுக்குப் படியாக அளக்கப்பட்டது பெரும்பாலும் சோளம், குருணல் அரிசி, சில வேளைகளில் சிறிது உப்பிட்ட பன்றியிறைச்சி. அப்பகுதித் தோட்டங்களில் நாளொன்றுக்கு இவ்வளவு வேலை என்று அளந்து கொடுக்கும் முறை இருந்தது. அளந்த வேலையை முடித்தவன் மிச்சப் பொழுதில் வீச்சுவலையை எடுத்துக்கொண்டு கழிக்குப் போவான். வலை பின்னும் கலையும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததே. நண்டு, சிப்பி, மீன், இறால்: படியளப்பில் இல்லாதவற்றைக் கடல்நீர் கொடுத்தது. படியளந்த சோளமும் திருட்டுப்போகாத நேரத்தில் பிடித்த இறாலும் ஒரே சட்டியில் சேர்ந்தமைதான் இந்த உணவு.

அந்த மக்களின் வழித்தோன்றல்களே கல்லா கீச்சி மக்கள். தீவுகளில் ஒதுங்கி வாழ்ந்தமையால் தமக்கென ஒரு மொழியை, வலையை, கூடை பின்னும் கலையை, சமையலைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள். வட கரோலைனாவிலிருந்து புளோரிடா வரையிலான அவர்களது கரையோரத்தை ஒரு மரபுரிமை வலயமாக அமெரிக்கக் காங்கிரஸ் 2006 ஆம் ஆண்டு அங்கீகரித்தது. 'தென்னக உணவு' என்ற சீட்டில் இந்தப் பெயர் எங்கே இருக்கின்றது? ஒரு சமையற் பக்கத்தைத் திறந்து தேடிப் பாருங்கள். மேலே தூவும் சீஸின் பெயர் இருக்கும், தயாரித்த நிறுவனத்தின் பெயரோடு.

அச்சேறிய வரலாற்றையும் பார்த்துவிடலாம். 1930 இல் 'சார்ள்ஸ்டன் சமையலின் இருநூறு ஆண்டுகள்' என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு நூல் வெளிவந்தது. இறாலும் ஹொமினியும் அதில் இருக்கின்றது. பட்டரில் புரட்டிய இறால், பக்கத்தில் ஹொமினி, அவ்வளவே. செய்முறைகளைச் சேகரித்தவர் பிளான்ச் ரெட் என்ற சீமாட்டி. அவருடைய வீட்டில் அடுப்படியில் நின்றவர் வில்லியம் டீஸ் என்ற கறுப்பினத்தவர். சார்ள்ஸ்டனின் புகழ்பெற்ற நண்டு சூப்பை உருவாக்கியவர் என்று இன்று சொல்லப்படுபவர் அவரே. 1950 இல் அந்நகரச் சீமாட்டிகளின் சங்கம் வெளியிட்ட 'சார்ள்ஸ்டன் ரிசீட்ஸ்' நூலில் இதே உணவு 'காலையுணவு இறால்' ஆகின்றது. அது இரவுணவே அன்று, காலையுணவு என்பதை இதிலிருந்து குறித்துக்கொள்ளலாம். விடிகாலையில் கறுப்பின வியாபாரிகள் தெருத்தெருவாகக் கூவி விற்ற கழி இறால் அந்த மேசைகளுக்குப் போனது. கூவியவர் யார், கோதுரித்தவர் யார், கிண்டியவர் யார் என்பது நூலின் அட்டையில் வரவில்லை.

பின்னர் 1985. வட கரோலைனாவின் சப்பல் ஹில் நகரில் பில் நீல் என்ற இளம் சமையல் வல்லுநர் தமது உணவகத்தில் சீஸ் கலந்த கிறிட்ஸின் மீது பேக்கன், காளான், வெங்காயத்தாள், எலுமிச்சைச் சாறு சேர்த்த இறாலை வைத்துப் பரிமாறினார். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் கிரெய்க் கிளைபோர்ன், தாமும் மிசிசிப்பியில் பிறந்தவர், அதனை உண்டு மகிழ்ந்து செய்முறையைப் பத்திரிகையில் வெளியிட்டார். அன்றிலிருந்து நாடு முழுவதும் உணவகங்களில் இது ஏறியது. நீல் கெட்டிக்காரர்; தென்னகச் சமையலை மதித்துப் படித்தவர்; 1991 இல் இளவயதிலேயே இறந்துபோனார். அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில் என் விரல் நீள்வது எங்கள் பக்கத்தை நோக்கியே. ஒரு செய்தி முதலில் எங்கே அச்சாகின்றதோ அதுவே அதன் பிறப்பிடம் என்று எழுதிவிடுவது பத்திரிகைக்காரனின் பழைய வியாதி. அச்சில் வராதது நடக்காதது ஆகிவிடுகின்றது.

எடிஸ்டோ தீவைச் சேர்ந்த எமிலி மெகெட் என்ற கல்லா கீச்சி மூதாட்டி, வெள்ளையர் குடும்பங்களின் அடுப்படிகளில் பல பத்தாண்டுகள் சமைத்தவர். அளவுக் கரண்டியைத் தொடாதவர். அவரது சமையல் நூல் அச்சில் வந்தது 2022 இல். அப்போது அவருக்கு வயது 89. அடுத்த ஆண்டு காலமானார். அதே தீவில், கீச்சி மக்களின் பெயரைத் தாங்கிக் கிறிட்ஸ் விற்ற ஆலை ஒன்றை நடத்தியவர்கள் வெள்ளையினத் தம்பதியர். கேள்விகள் எழுந்த பின்னர் 2020 இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மாற்றியது நல்லதே. அதுவரை அந்தப் பெயர் எதை விற்றுக்கொண்டிருந்தது என்பதே என் கேள்வி.

உணவுக்கு உரிமையாளர் உண்டா, சமைப்பதற்கும் அனுமதிப் பத்திரம் கேட்பீர்களா என்று நண்பர்கள் சிலர் என்னோடு மல்லுக்கு நின்றதுண்டு. நான் எந்த அனுமதியும் கேட்கவில்லை. எவரும் எதனையும் சமைக்கலாம். சோளம் மெக்சிக்கோவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய தானியம். மிளகாயில்லாத நமது கறியை நாமே கற்பனை செய்ய முடியாது, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். கலப்பது வேறு, பெயரை அழிப்பது வேறு. பெயர் அழிவதோடு மற்றவையும் அழிவது எளிதாகின்றது என்பதாலேயே இதை எழுதுகின்றேன். ஹில்ட்டன் ஹெட் தீவுக்கு 1956 இல் பாலம் போட்டார்கள். கல்லா மக்கள் மீன்பிடித்தும் பயிர்செய்தும் வாழ்ந்த அத்தீவு இன்று கோல்ஃப் மைதானங்களுக்குப் பெயர்பெற்ற உல்லாசபுரி. எழுதப்பட்ட மரண சாசனம் இல்லாமல் பரம்பரை பரம்பரையாகப் பொதுவில் கிடக்கும் காணிகளில், எங்கோ தொலைவிலுள்ள ஒரு பங்காளியின் துண்டை வாங்கி, நீதிமன்றத்தின் மூலம் முழுவதையும் ஏலத்துக்குக் கொண்டுவரும் தந்திரம் அக்கரையோரத்தில் நன்றாகப் பழகிய தந்திரம். உறுதியில்லாக் காணியும் பங்காளிச் சிக்கலும் என்னவென்று இலங்கைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜோர்ஜியாவின் சப்பலோ தீவில், எஞ்சியுள்ள சிறு குடியிருப்பில் கட்டக்கூடிய வீட்டின் பரப்பெல்லையை மாவட்ட நிருவாகம் 2023 இல் 3,000 சதுர அடியாக உயர்த்தியது. பெரிய வீடு வந்தால் வரி ஏறும், வரி ஏறினால் கீச்சிக் குடும்பங்கள் வெளியேறும் என்று அம்மக்கள் எதிர்த்தார்கள். அதனை வாக்கெடுப்புக்கு விடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2025 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுடைய சட்டிச் சோறு 'ஆறுதல்' என்று விற்பனையாகும் அதே காலத்தில் நடக்கும் காரியம் இது.

இறாலிலும் இதே கதை, இன்னும் மோசமாக. அமெரிக்கர் உண்ணும் இறாலில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது இறக்குமதி. அதில் முதலிடம் இந்தியாவுக்கு. பெரும்பகுதி ஆந்திரக் கரையோரக் குளங்களில் வளர்க்கப்படுவது. இந்த மலிவான பெருக்கின் முன் தென் கரோலைனாவின் இழுவைப் படகுக்காரர்கள் எரிபொருட் செலவைக்கூட மீட்க முடியாமல் படகுகளைக் கட்டிப்போடுகின்றார்கள். 2025 இல் சார்ள்ஸ்டன் பகுதியில் 44 உணவகங்களின் இறாலை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, மிகப் பெரும்பான்மையானவற்றில் இருந்தது இறக்குமதி இறால். உள்ளூர்ப் படத்தையும் வலையையும் நங்கூரத்தையும் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு விற்றவையும் அவற்றுள் அடக்கம். இறால் பிடிப்போர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்கச் சட்டப்படி கடையில் விற்கும் பச்சை இறாலின் பையில் எந்நாட்டது, வளர்த்ததா பிடித்ததா என்று அச்சிட வேண்டும். உணவகத்துக்கு அக்கட்டாயம் நாடளாவிய சட்டத்தில் இல்லை. ஆகவே உண்மையை அறிந்து உண்ணக்கூடிய இடம் தற்போதைக்கு வீட்டு அடுப்படியே.

அந்தப் பையின் மறுமுனையில் இருப்பவர்களை மறந்துவிட்டு அமெரிக்கப் படகுக்காரனுக்காக மட்டும் நான் வாதாடவில்லை. ஆந்திராவின் இறால் பதனிடும் கொட்டகைகளில் நெடுநேரம் நின்று, பனிக்கட்டி நீரில் விரல் புண்ணாகக் கோதுரிக்கும் பெண்களின் நிலை 2024 இல் ஊடக விசாரணைகளில் வெளிவந்தது. தமிழருக்கு இது அயல் செய்தியும் அன்று. தொண்ணூறுகளில் நாகப்பட்டினத்து நெல்வயல்கள் இறாற் குளங்களாகிக் கிணறுகள் உவரானபோது, கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்த உழவரோடு நின்று போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கரையோர ஒழுங்குமுறை வலயத்துக்குள்ளிருந்த அத்தகைய பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. சிலாபம், புத்தளம் களப்போரங்களில் கண்டல்களை வெட்டி அமைத்த பண்ணைகள் வெண்புள்ளி நோயால் வெறும் சேற்றுக் குழிகளாகக் கிடந்ததையும் நாம் கண்டிருக்கின்றோம். சார்ள்ஸ்டனின் கிண்ணத்தில் கிடக்கும் இறாலுக்கு நமது உவர்க் கிணறுகளின் வாசமும் உண்டு.

சரி, சமைப்பதானால் எப்படிச் சமைப்பது?

உடனடிக் கிறிட்ஸ் பொட்டலத்தை வாங்காதீர்கள். அது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய மா. பசை காய்ச்ச உதவும். 1992 இல் வந்த 'மை கசின் வின்னி' என்ற படத்தில் ஒரு கொலை வழக்கே கிறிட்ஸ் வேகும் நேரத்தில் உடைகின்றது. ஐந்து நிமிடத்தில் சமைத்தேன் என்ற சாட்சியைக் குறுக்கு விசாரணை தவிடுபொடியாக்கும். கல்லில் அரைத்த, முளைக்கரு நீக்காத கிறிட்ஸ் தேடி வாங்குங்கள். அதிலுள்ள எண்ணெய் காறிப்போகும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். முதல் நாளிரவே ஒரு கோப்பைக் கிறிட்ஸை நீரில் ஊறவிட்டு, மேலே மிதக்கும் உமியை அகப்பையால் வழித்தெடுங்கள். ஊறிய நீரோடு சேர்த்து நாலு கோப்பை அளவுக்கு நீர் இருக்கட்டும். பாதியைப் பாலாக்கினாலும் பாதகமில்லை. அடிகனத்த சட்டியில் கொதிக்கும்வரை கிண்டி, பின்னர் மிகச் சிறுதீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இடைக்கிடை கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். இறுகினால் சுடுநீர் விடுங்கள். உப்பும் பட்டரும் கடைசியில். குரக்கன் களி கிண்டிய கைக்கு இது பழகிய வேலை.

சீஸ் போடலாமா என்று கேட்பார்கள். நல்ல சோளமானால் அவசியமில்லை. அவ்வளவு சீஸைக் கொட்டுவது சுவையற்ற மாவை மறைக்கத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இறாலைக் கோதோடும் தலையோடும் வாங்குங்கள். பையைத் திருப்பிப் பாருங்கள்: எந்நாடு, பிடித்ததா வளர்த்ததா. அமெரிக்காவில் இருப்பவர்கள் கரோலைனாவோ ஜோர்ஜியாவோ மெக்சிக்கோ வளைகுடாவோ என்று கேட்டு வாங்கலாம். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள் அங்கங்கே கடலில் பிடித்ததை வாங்குங்கள். ஒரு இறாத்தல் இறால் நாலு பேருக்குக் காணும். தலையையும் கோதையும் எறிய வேண்டாம். ஒரு வெங்காயத் துண்டு, ஒரு செலரித் தண்டோடு அரை மணி நேரம் அவித்து வடித்தெடுத்தால் கிடைக்கும் செம்மஞ்சள் நீரில்தான் முழுச் சுவையும் உண்டு. உரித்த வெறும் இறாற்பையால் இதனைக் கொடுக்கவே முடியாது. பேக்கன் உண்பவர்கள் சில கீற்றுகளைத் தாச்சியில் முறுகவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்ணாதவர்களுக்குப் பட்டர் போதும், 1930 ஆம் ஆண்டு நூலிலும் பட்டர்தான். அந்தக் கொழுப்பில் பொடியாக அரிந்த வெங்காயத்தையும் குடைமிளகாயையும் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவி, மா மண்ணிறமாகும்வரை பொறுமையாகப் புரட்டி, கோது அவித்த நீரைச் சிறிது சிறிதாக விட்டால் குழம்பு திரளும். இறால் கடைசியில். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். வளைந்து இளஞ்சிவப்பானதும் இறக்கிவிடுங்கள், இறுகச் சுருண்டால் இறப்பர். மிளகுதூள், அரைத் தேசிக்காயின் புளி, நொறுக்கிய பேக்கன்.

ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வேலைநாள் மாலையில் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள். அதன் உரிய வேளையும் அதுவே. விருந்தினர் யாரும் வந்து இது என்ன சாப்பாடு என்று கேட்டால், கல்லா கீச்சி மக்களின் சாப்பாடு என்று சொல்லுங்கள். அது யார் என்று அடுத்த கேள்வி வரும். சட்டியில் மிஞ்சிய கிறிட்ஸை ஒரு தட்டில் பரப்பி வைத்தால் இரவோடிரவாக இறுகிவிடும். மறுநாட் காலை துண்டு துண்டாக வெட்டி, மேலே சிறிது மா தடவி, பட்டரில் இருபுறமும் பொரித்து எடுக்கலாம்.